9 லட்சம் கடன் வாங்கி எம்பிஏ படிக்கலாமா? இப்போது சம்பளம் 24,000

தறிவீட்டுப் பெண்:
எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைக் கவனித்துச் சரக்கை முடித்து அனுப்பும் வேலை) இருக்கிறேன். கைக்கு வருவது 24,000. வேலை பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு வாங்கும் பையர்களோடு நடக்கும் மீட்டிங்கில் எம்பிஏ படித்தவர்களைத்தான் உட்கார வைக்கிறார்கள். சாம்பிள் பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வெளியே வருவது நான்.

கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு விடுதியோடு 11 லட்சம். என் சேமிப்பு 2 லட்சம். மீதி 9 லட்சத்துக்கு வங்கியில் 10.5 சதவீத வட்டி சொன்னார்கள். 7.5 லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுப் பத்திரம் வேண்டுமாம். அப்பா சோமனூரில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். "பத்திரம் பீரோவுல சும்மாதான கெடக்குது, எடுத்துட்டுப் போ சாமி" என்கிறார். அவர் அப்படிச் சுலபமாகச் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

படித்து வந்தால் வருடச் சம்பளம் சராசரி 6.5 லட்சம் கிடைக்கும் என்கிறது கல்லூரி. அப்படியென்றால் மாதம் 54,000. என் கணக்கு சரியா?

பழைய கடன்காரன்:
தங்கச்சி, 54,000 வராது. அந்த 6.5 லட்சத்துக்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை), இன்சூரன்ஸ், வந்தால் வரும் என்கிற போனஸ் எல்லாம் அடக்கம். நான் 2017-ல் எம்பிஏ முடித்தேன். 6 லட்சம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள், கணக்கில் விழுந்தது 38,500. பெரிய பெயராக 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்றார்கள். எட்டு மாதம் பைக்கில் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்தேன், பெட்ரோல் கைக்காசு.

சராசரியையும் நம்பாதீர்கள். எங்கள் வகுப்பில் 60 பேர். அதில் ஐடியில் மூன்று நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த ஆறு பேருக்கு 14 லட்சம். மொத்தச் சராசரியையும் அவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். வேலை கிடைக்காதவர்களைச் 'சொந்தத் தொழில்' என்று எழுதிக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

கடன் மேசைக்காரர்:
வங்கியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, படிக்கும்போது தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு 4.5 லட்சமாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், அப்புறம் ஒரு வருட அவகாசம். அதற்குள் தனிவட்டியே சுமார் 2.36 லட்சம் ஆகி அசலோடு சேர்ந்துவிடும். 11.36 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 15,300. வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால் தவணை 12,150-க்குள் நிற்கும். முதல் வருடம் அந்த வட்டி மாதம் 4,000-க்குச் சற்றுக் குறைவு, அப்புறம் இரட்டிப்பு.

கல்விக் கடன் வட்டியைக் காட்டினால் வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அது பழைய வரி முறைக்குத்தான். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரியே இல்லை, அப்புறம் எதில் மிச்சம்?

உங்கள் கல்லூரி பிஎம் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிணை வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அவகாசக் காலத்திலும் 3 சதவீத வட்டி மானியமும் கிடைக்கலாம். பட்டியலில் இல்லையென்றால் 7.5 லட்சத்தைத் தாண்டாதீர்கள். பத்திரம் கொடுக்காவிட்டாலும் அப்பா கூட்டுக் கடனாளிதான். தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) இறங்கும், நாளைக்குத் தறிக்கு அவர் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும்.

பின்னலாடை அக்கா:
நானும் திருப்பூர்தான், எம்பிஏ கிடையாது. 17,000-ல் சேர்ந்தேன், ஏழு வருடத்தில் மூன்று கம்பெனி மாறி இப்போது 46,000. காஸ்டிங் ஷீட் (ஒரு உருப்படிக்கு ஆகும் செலவுக் கணக்கு) தனியாகப் போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் என்னை மீட்டிங்கில் உட்கார வைத்தார்கள். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், மேலே மேனேஜர் பதவிக்குப் போகும்போது டிகிரி கேட்கிறார்கள். படி கண்ணு, இந்த விலைக்கு வேண்டாம். டான்செட் (தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வு) எழுதி கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்தால் இதில் சிறு பங்குதான் கட்டணம்.

தறிவீட்டுப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கல்லூரிக்குப் போன் போட்டு நடுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையேம்மா" என்றார்கள். அப்புறம் 5 லட்சம் இருக்கும் என்றார்கள். பிடித்தம் போகக் கைக்கு 34,000 என்று வைத்தேன். தவணை 15,300, வேலை சென்னையில் என்றால் விடுதிக்கு 9,000. மீதி 9,700. இப்போது வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு 24,000 வாங்குகிறேன். போதாததற்கு இரண்டு வருடச் சம்பளம் 5.76 லட்சமும் போகும், அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கல்லூரியும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வருடம் விட்டுவிட்டு டான்செட் எழுதப் போகிறேன். அக்கா, காஸ்டிங் ஷீட்டை எதிலிருந்து ஆரம்பிப்பது, நூல் விலையிலிருந்தா?

அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்துப் பாலிதீன் கவரில் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார்.