முன்சக்கரத்தில் கீச் கீச், பள்ளத்தில் டக டக: அப்சார்பர் மாற்றியும் போகவில்லை

செந்தூல்வாசி:
வணக்கம். என் காடிக்கு (கார்) பன்னிரண்டு வயது, 168,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இடது முன்சக்கரத்தில் டக டக என்று ஒரு சத்தம், தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டுவது மாதிரி, சாலை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலே வந்துவிடும். பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் அப்சார்பர் (சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் குழாய்) போய்விட்டது என்றார்கள், இரண்டு பக்கமும் மாற்றி 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கிக்கொண்டார்கள். டக டக போகவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. போதாததற்கு இப்போது மெதுவாகப் போகும்போது எண்ணெய் காணாத சைக்கிள் போல கீச்… கீச்… என்று வேறு. திரும்பப் போனால் லோவர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் காடியோடு கீழே பிடித்திருக்கும் இரும்புக் கை, அதை மாற்றச் சொல்கிறார்கள். தீபாவளிக்கு ஈப்போ போகணும், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்கிறாள் மனைவி. யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய போமன்:
தம்பி, லோவர் ஆர்ம் இருக்கட்டும். முதலில் சக்கர நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய காடி என்றால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், பாதிப் பேர் பார்ப்பதில்லை.

அப்புறம் டக டக எப்போது வருகிறது என்று கவனியுங்கள். தாமான் (குடியிருப்பு) வேகத்தடையில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாக விடுங்கள். பிறகு லோங்காங் (சாக்கடை) ஓரத்துப் பள்ளத்தில் இடது சக்கரம் மட்டும் இறங்கும்படி விடுங்கள். முதலாவதில் சத்தம் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்தான், அதாவது இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுவே போகும் ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன இணைப்பு. ஏனென்றால் ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே என்று போகும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் அதற்கு வேலையே இல்லை. நிறைய காடிகளில் இந்த லிங்க் அப்சார்பரிலேயே மாட்டியிருக்கும், அப்சார்பர் மாற்ற அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நான் சொல்ல வருவது புரிகிறதா?

கீச்சுக்கு: ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) பக்கம் பாருங்கள். பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆனால் அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும், அது எச்சரிக்கை. பிரேக் தொட்டும் மாறவில்லை, சக்கரம் சுற்றுகிற கணக்கிலேயே வருகிறது என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகர மறைப்பு வளைந்து உரசுகிறதா என்று பாருங்கள், நடுவில் கல் சிக்கினாலும் இதே கதைதான். ராத்திரி மழை பெய்து காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் கரகரத்தால் அது டிஸ்க் துரு, தானாகப் போய்விடும். மால் பார்க்கிங் தரையில் டயர் கீச்சிடுவது அந்தப் பெயிண்ட், அதற்கெல்லாம் பட்டறைக்குப் போகாதீர்கள்.

பிறை பையன்:
அண்ணே சொல்வது சரி, ஆனால் லிங்க் என்று முடிவு கட்டிவிட்டு பால் ஜாயின்டை (சக்கரத்தை லோவர் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) பார்க்காமல் விடாதீர்கள். லிங்க் உடைந்தால் பெரும்பாலும் சத்தம்தான், பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து காடி ரோட்டிலேயே உட்கார்ந்துவிடும்.

எனக்கு வந்தது வேறு. ஊம்ம்ம் என்று ஒரு இரைச்சல், டயர் சத்தம் என்று மூன்று மாதம் விட்டுவிட்டேன். ஒருநாள் பினாங்குப் பாலத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு 13.5 கிலோமீட்டரும் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடுகிறது, வலப்பக்கம் வளையும்போது எடை இடது சக்கரத்துக்குப் போவதால் அதிகமாகிறது, இடப்பக்கம் வளைந்தால் குறைகிறது. இடது பேரிங், சக்கரம் சுழல உதவும் உருளை வளையம். டயரை மாற்றியிருந்தால் காசு வீண்தான். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது டக்டக்டக் என்று வந்தால் அது சிவி ஜாயின்ட் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு), அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும், பார்த்தாலே தெரியும்.

பழைய போமன்:
பிறை தம்பி சொன்னதைச் சோதிக்க: சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து (வெறும் ஜாக்கை நம்பி அடியில் கை நீட்டவே வேண்டாம்), மணி பன்னிரண்டு, ஆறு இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். மூன்று, ஒன்பதில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு). லிங்க்கை மட்டும் ஒரு பக்கம் தூக்கி வைத்துப் பார்க்காதீர்கள், கம்பி இழுத்துப் பிடித்துக்கொள்வதால் தேய்ந்த லிங்க்கும் நல்லது மாதிரி நடிக்கும். நாலு சக்கரமும் தரையில் இருக்க, கையை விட்டு ஆட்டிப் பாருங்கள்.

செந்தூல்வாசி:
அண்ணே, நேற்று பார்த்துவிட்டேன். நேராக ஏறினால் சத்தமே இல்லை, ஒரு சக்கரம் இறங்கினால் டக டக. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து நிறுத்திவிட்டுக் கையை விட்டேன், லிங்க்கின் மேல் நட்டு விரலாலேயே சுற்றுகிறது! அப்சார்பர் மாற்றியவர்கள் இறுக்கவே இல்லை. ஆனால் லிங்க்கும் தேய்ந்துதான் இருந்தது, அப்சார்பர் மாற்றுவதற்கு முன்னால் வந்த சத்தம் அதுதான் போல. பக்கத்துத் தெருவில் வேறொருவரிடம் போய் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். கீச்சுக்கு அந்தத் தகர மறைப்புதான், ஸ்குரூடிரைவரால் நெம்பி விட்டார், காசு வாங்கவில்லை. பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது எங்கேயும் ஆட்டம் இல்லை. பழைய அப்சார்பரை அவர்கள் திருப்பித் தரவில்லை, அதில் எண்ணெய் ஒழுகியதா என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது காடி அமைதியாக இருப்பதால் புதிதாக ஒரு கடகட கேட்டது. வயிறு கலங்கிவிட்டது. டேஷ்போர்டு டிராயருக்குள் கிடந்த பழைய ஸ்மார்ட்டேக் (டோல் கட்டும் கருவி) பெட்டி. மனைவிதான் எடுத்துக் காட்டினாள்.