'நெவர் லெட் மீ கோ': இந்த 4 சொற்களுக்குத் தமிழ் சொல்லுங்களேன்

கசுவோ இஷிகுரோவின் இந்த நாவலை (2005) தமிழில் பேசும்போது சொற்கள்தான் இடிக்கின்றன. கேத்தியும் டாமியும் உறுப்புகளுக்காகவே வளர்க்கப்படும் நகலுயிர்கள் (குளோன்கள்). அதிகம் போனால் 4 'டொனேஷன்'. அதில் சாவதை 'கம்ப்ளீட்' என்கிறார்கள். 'இறந்தான்' என்றால் நாவலின் குரூரமே போய்விடும், 'முடிந்தான்' சாபம் மாதிரி ஒலிக்கிறது. 'நிறைவடைந்தான்' சரிவருமா?

'தானம்' இன்னும் சிக்கல். நமக்கு அது மனமுவந்து கொடுப்பது. இங்கே மறுக்க வழியே இல்லை. ஆனாலும் அந்தப் பொய் மேன்மைதான் வேண்டும் என்று தோன்றுகிறது.

உண்மைக் காதலை நிரூபித்தால் உறுப்பு கொடுப்பதை 3, 4 ஆண்டு தள்ளிப்போடலாம் என்று காதலர்கள் நம்பும் 'டெஃபரல்': தவணையா, அலுவலக வாடை அடிக்கும் ஒத்திவைப்பா?

உறுப்பு கொடுப்பவர்களைக் கூட இருந்து கவனித்துக்கொள்ளும் 'கேரர்'? செவிலியர் வேண்டாம், கேரராக இருக்கும் கேத்தியும் பின்னால் உறுப்பு கொடுக்கப்போகிறவள்தான். சொல்லை வாக்கியத்தில் வைத்து எழுதினால் பெரிய உதவி.