பிள்ளைப்பேற்றில் வெட்டித் தைப்பதா, தானாகக் கிழிய விடுவதா?

வெள்ளவத்தை_முதல்பிள்ளை:

அக்காமாருக்கு வணக்கம். எனக்கு 35ஆம் வாரம் நடக்கிறது, முதல் பிள்ளை. கிளினிக்கில் தலை கீழே திரும்பிவிட்டது, நோர்மல் டெலிவரிதான் என்று சொல்கிறார்கள். நோவைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை, பயமெல்லாம் பிள்ளை வருகிற வழியைப் பெரிதாக்கப் பிறப்புவாசலில் போடுகிற அந்த வெட்டைப் பற்றித்தான். மச்சாளுக்குப் போன வருடம் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடைத்தது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வெட்டியிருக்கிறார்கள், தைக்கிற நேரம்தான் அவளுக்கே தெரியும். கிழமைக்கணக்கில் ஒழுங்காக இருக்க முடியாமல் ஒரு பக்கம் சரிந்துகொண்டுதான் பால் கொடுத்தாள். பெரியம்மாவோ, வெட்டினால்தான் நல்லது, நேராக இருக்கும், கெதியாக ஆறும், தானாகக் கிழிந்தால் கண்டபடி கிழியும் என்கிறார். இன்டர்நெட்டில் பார்த்தால் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள். எதை நம்புவது? வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லலாமா, சொன்னால் ஏசுவார்களா? லேபர் ரூமில் பெரும்பாலும் சிங்களம்தான், நோவோடு கிடக்கிற நேரம் என் சிங்களம் எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாது. தையல் ஆற எவ்வளவு நாள் எடுக்கும், முதல் தடவை டொய்லட் போகிறது எப்படி, எல்லாவற்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மிட்வைஃப்:

தங்கச்சி, நான் பல வருடம் லேபர் ரூமில் வேலை செய்தவள். பெரியம்மா சொன்னதுதான் எங்களுக்கும் ஒரு காலத்தில் படிப்பித்தது. முதல் பிள்ளை என்றால் கேள்வியே இல்லாமல் கத்தரிக்கோல் எடுப்பார்கள். ஆனால் பிறகு செய்த ஆய்வுகளில் அது சரிவரவில்லை. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுகிற இடங்களைவிட, தேவைப்பட்டவருக்கு மட்டும் வெட்டுகிற இடங்களில்தான் பெரிய கிழிசல் குறைவு. தானாகப் பிறக்கிற பிள்ளைக்கு வழக்கமாக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இருக்கிறது.

வெட்டா கிழிசலா என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியம். முதலாம் படி என்றால் தோல் மட்டும், சில நேரம் தையலே தேவைப்படாது. இரண்டாம் படியில் உள்ளே இருக்கிற தசையும் கிழியும். மூன்றாம் படி மலவாசலைச் சுற்றியிருக்கிற இறுக்குத் தசை வரை போகும், நான்காம் படி அதையும் தாண்டி மலக்குடலின் உள்தோல் வரை. இப்போது யோசித்துப் பாருங்கள்: வெட்டு என்றால் தோலையும் தசையையும் சேர்த்துத்தான் வெட்டுவது, அதாவது தொடங்கும்போதே இரண்டாம் படிக் காயம். விட்டிருந்தால் சின்னக் கீறலோடு முடிந்திருக்கக்கூடிய பெண்ணுக்கும் அந்தக் காயம் வந்துவிடும். பிரித்தானியக் கணக்கின்படி முதல் பிள்ளையை இயற்கையாகப் பெறுகிறவர்களில் 10 பேரில் 9 பேர் வரை ஏதோ ஒரு அளவுக்குக் கிழிகிறார்கள், ஆனால் மூன்றாம் நான்காம் படி வருவது 100 பேரில் 6 பேருக்குத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதையும் கேளுங்கள். பிள்ளையின் இதயத்துடிப்பு விழுந்து உடனே எடுக்க வேண்டிய நேரம், பிள்ளையின் தலையைப் பிடித்து எடுக்கிற போர்செப்ஸ் கருவி போடுகிற நேரம், இப்படியான நிலையில் வெட்டுவது சரியான முடிவு. அதுவும் நடுக்கோட்டில் நேரே கீழே வெட்டக்கூடாது, அது மலவாசல் பக்கம் ஓடிவிடும். சாய்வாக, பிள்ளையின் தலை நன்றாகத் தெரிகிற நேரத்தில் நடுவிலிருந்து 60 பாகை அளவில், விறைப்பு ஊசி போட்டு வெட்ட வேண்டும். அதனால் எந்தக் காரணத்துக்கும் வெட்டவே விடமாட்டேன் என்று பிடிவாதமாகப் போகாதீர்கள். "அவசரம் இல்லாவிட்டால் வெட்ட வேண்டாம், வெட்டுவதென்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் உடம்பு, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கிளினிக்கில் இப்போதே டொக்டரிடம் கதைத்து அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வசனத்தைச் சிங்களத்தில் யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்து வையுங்கள். கூட ஒரு பெண் நிற்க விடுகிற ஆஸ்பத்திரி என்றால் சிங்களம் நன்றாகத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலை வெளியே வருகிற நேரம் முக்க வேண்டாம், வாயால் மூச்சு விடு என்று மிஸ்ஸி சொன்னால் அதைக் கட்டாயம் கேளுங்கள், மெதுவாக வந்தால் கிழிசல் குறையும். அந்த நேரம் இளஞ்சூட்டுத் துணியைக் கீழே வைத்துப் பிடித்தாலும் பெரிய கிழிசல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

தெஹிவளை_இரண்டுபிள்ளை:

எனக்கு இரண்டும் நடந்தது. மூத்தவனுக்குத் தலையில் உறிஞ்சிப் பிடிக்கிற வேக்குவம் கருவி போட்டு எடுத்தார்கள், வெட்டினார்கள். இளையவளுக்கு வெட்டவில்லை, தானாகக் கிழிந்தது, கொஞ்சத் தையல். என் உடம்புக்கு இரண்டாவதுதான் பெரிய நிம்மதி, சில நாளிலேயே நேராக இருந்து பால் கொடுத்தேன். மூத்தவனோடு பால் கொடுக்கிறதென்றால் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான், அதையும் ஒரு மிஸ்ஸி காட்டித் தந்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தேயிராது. ஆனால் முதல் பிள்ளையின் வேக்குவத்தையும் இரண்டாவது பிள்ளையையும் ஒப்பிடுவது சரியில்லை, எப்படியும் இரண்டாவது லேசுதான்.

தையல் பற்றிக் கேட்டீர்கள். கரைகிற நூல்தான் போடுவார்கள், வெட்டி எடுக்கத் தேவையில்லை. இரண்டாம் கிழமையில் நூல் துண்டு துண்டாக நீங்கள் வைக்கிற பாட் (pad) மேல் விழும், தையல் பிரிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மூன்று நான்கு கிழமையில் பெரும்பாலும் மேலே ஆறிவிடும், உள்ளே ஆற இன்னும் எடுக்கும். முதல் நாட்களில் துணியில் சுற்றிய ஐஸை கொஞ்ச நேரம் வைத்தால் வீக்கம் இறங்கும். சிறுநீர் போகும்போது எரிந்தால் போகிற நேரத்திலேயே இளஞ்சூட்டுத் தண்ணீரை மேலே ஊற்றுங்கள், இது எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது. முன்னாலிருந்து பின்னால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். பனடோல் பால் கொடுக்கும்போதும் போடலாம், நோவைத் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டாம்.

டொய்லட் விஷயத்தில் நோவைவிடப் பயம்தான் பெரிது. சுத்தமான பாட் ஒன்றை மடித்துத் தையலுக்கு மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு போங்கள், தையல் பிரியாது. ஆனால் மலச்சிக்கல் வரவே விடக்கூடாது. அங்கேதான் எங்கள் வீடுகளில் பிரச்சினை. தண்ணி குடித்தால் வயிறு தொங்கும், மரக்கறி குளிர், பழம் குளிர் என்று பிள்ளை பெற்றவளைக் காயப்போடுகிறார்கள், அதோடு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் மலம் கல்லாகிவிடும். சரக்குக் கறி வைத்துத் தரட்டும், நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் கூடவே தண்ணி, பப்பாப்பழம், கீரை எல்லாம் கேட்டு வாங்குங்கள். அப்படியும் இறுக்கமென்றால் டொக்டரிடம் மலம் இளக்குகிற லக்டுலோஸ் மருந்து கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை_அம்மா:

எனக்கு மூன்றாம் படிக் கிழிசல். ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் முதுகில் ஊசி போட்டுத் தைத்தார்கள், அன்டிபயோட்டிக்கும் மலம் இளக்குகிற மருந்தும் தந்தார்கள். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. எங்களில் பலர் அதற்குப் பிறகு நடக்கிறதை யாருக்கும் சொல்லாமல் விடுகிறார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு மாதக்கணக்கில் காற்று அடக்க முடியவில்லை, சில நேரம் ஓடினாலும் டொய்லட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கோவிலுக்குப் போகக் கூச்சம், கல்யாண வீட்டுக்குப் போகக் கூச்சம். அம்மா பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் இல்லை! டொக்டரிடம் வாயைத் திறந்து சொன்ன பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள், காற்றையும் சிறுநீரையும் அடக்குகிற அடித்தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி செய்து செய்து எனக்கு நன்றாகிவிட்டது. மூன்றாம் நான்காம் படி வந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒழுங்காகத் தைத்தால் ஒரு வருடத்துக்குள் சுகமாகிவிடுகிறார்கள். தங்கச்சி, அந்தப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள், பிள்ளை பிறந்த பிறகும் விடாதீர்கள்.

வெள்ளவத்தை_முதல்பிள்ளை:

அக்காமாரே, வாசித்து அழுதுவிட்டேன், ஆனால் பயத்தில் இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. எண்ணெய் போட்டு மசாஜ் செய்தால் கிழியாது என்கிறார்களே, உண்மையா? மற்றது, மாமி தையலுக்கு வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசி வேது பிடிக்க வேண்டும் என்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற_மிட்வைஃப்:

மசாஜ் செய்தால் கிழியவே கிழியாது என்றில்லை, ஆனால் முதல் பிள்ளைக்கு வெட்டவும் தைக்கவும் வேண்டி வருகிற வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது. 35ஆம் வாரத்திலிருந்து கிழமையில் ஒன்றிரண்டு தரம் செய்தால் போதும். நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, வாசனை சேர்க்காத தாவர எண்ணெய் பூசி, பெருவிரலை முதல் கணு வரை உள்ளே வைத்துக் கீழேயும் பக்கங்களுக்கும் மெதுவாக அழுத்தி இழுங்கள், ஒரு ஐந்து நிமிடம். இரத்தம் படுதல், நஞ்சுக்கொடி கீழே இருத்தல், தண்ணீர்க்குடம் உடைதல், கிருமித்தொற்று இவற்றில் ஒன்று இருந்தாலும் செய்யக்கூடாது.

மாமியோடு சண்டை வேண்டாம். உடம்புக்கு இலை போட்டு அவித்த தண்ணி வார்க்கட்டும், முதுகுக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுக்கட்டும், ஆனால் தையலில் ஒன்றும் பூசக் கூடாது, ஆவியும் சாம்பிராணிப் புகையும் அங்கே பிடிக்கக் கூடாது. உங்கள் பகுதி மிட்வைஃப் பிள்ளை பிறந்த முதல் நாட்களில் வீட்டுக்கு வருவார், மாமி பக்கத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்து அவரிடம் இதைக் கேளுங்கள், அவர் வாயால் வந்தால் மாமி கேட்பார். தையலையும் அவரிடம் காட்டுங்கள். நோவு நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடினால், நாற்றம் வந்தால், சீழ் வடிந்தால், காய்ச்சல் அடித்தால், தையல் விலகினால், அல்லது பாட் சட்டென்று நனைகிற அளவுக்கு இரத்தம் போனால் அவரையும் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவென்றாலும் போங்கள்.