‘நான்-லோக்கல்’: உள்மண், வெளிமண் என்று வைக்கலாமா?

வணக்கம். புதைகுழியில் கிடைத்த பல்லை அளந்து அந்த ஆள் சிறுவயதில் எங்கே வளர்ந்தார் என்று கண்டறியும் ஆய்வில், அடக்கமான இடத்தில் வளராதவரை ‘நான்-லோக்கல்’ என்கிறார்கள். அந்த ஆய்வுக்கான தமிழ்ச் சொற்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பல் ஆய்வில் வரும் ‘நான்-லோக்கல்’ என்பதற்கு வந்தேறி அல்லது வெளியூரார் போதுமே, புதிதாக எதற்கு?

ஐயா, இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ‘வந்தேறி’ வசவாகிப் பல காலம் ஆகிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை இடுகாட்டில் தாழியில் கிடைத்த ஒருவரைப் பற்றி அப்படி எழுதினால், ஆய்வு சொல்லாத சண்டையெல்லாம் அவர் தலையில் ஏறும்.

‘வெளியூரார்’ இதமான சொல்தான். ஆனால் பல்லுக்கு ஊர் தெரியாது, மண்தான் தெரியும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போன்ற ஒரு தனிமம். 86, 87 என்பவை அதன் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணுவகைகள். பாறையிலுள்ள ருபீடியம்-87 என்ற அணு மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டு. ஆகவே ருபீடியம் மிகுந்த பழம்பாறைகளில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் கூடுதல், தக்காணத்து எரிமலைப் பாறையில் குறைவு. அந்த விகிதம் மண், தண்ணீர், பயிர் வழியாக ஏறக்குறைய மாறாமல் குழந்தையின் பல்லுக்கு வந்து, கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் என்கிற பற்சிப்பி அப்படியல்ல, உருவானது உருவானதுதான். முதல் கடைவாய்ப்பல்லின் சிப்பி மூன்று வயதுக்குள் முடிந்துவிடும். ஞானப்பல்லுக்குப் பதின்வயது வரை ஆகும். ஒரே தாடையில் இரண்டையும் அளந்தால், அந்த ஆள் சிறுவயதிலேயே இடம் மாறினாரா என்பது வரை பிடிபடலாம்.

இப்போது சொல்லைப் பாருங்கள். பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஊரார் கணக்கில் வெளியூர்க்காரி. இரண்டு ஊருக்கும் அடியில் ஒரே வகைப் பாறை என்றால் பல்லில் அது தெரியவே தெரியாது. வடக்கேயிருந்து வந்த மணி வணிகருக்கு வைகைக் கரையில் பிள்ளை பிறந்து இங்கேயே வளர்ந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பல் இந்த மண்ணின் எண்ணைத்தான் காட்டும். குலம், மொழி, இனம் எதையும் அது சொல்லாது. ஹரப்பா, பர்மானா ஆகிய சிந்துவெளி ஊர்களின் இடுகாட்டுப் பற்களில் ஈயம், ஸ்ட்ரான்சியம் இரண்டையும் அளந்து 2015இல் வெளியான ஆய்வு, அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் வேறிடத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் என்றது. அந்த வாக்கியத்தில் ‘வந்தேறி’யைப் பொருத்திப் படித்தால் பொருள் எவ்வளவு திரிகிறது!

அதனால் உள்மண்ணார், வெளிமண்ணார். கருவி எதை அறிகிறதோ அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடுதலாகச் சொல்லாத பெயர்கள்.

> ஐசோடோப் சிக்னேச்சருக்குப் ‘பாறைத்தடம்’?

ஓர் இடத்துக்கே உரிய ஸ்ட்ரான்சியம் விகிதத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாறைத்தடம் அழகான சொல்தான், அம்மா. ஆனால் பாறையை இடித்து அளந்தால் வருகிற விகிதமும், அதன்மேல் விளைந்த செடியில் வருகிற விகிதமும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. பாறைக்குள்ளிருக்கும் கனிமங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கரையும். ஆறு மலையிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டும், காற்று தூசியைச் சேர்க்கும், கடலோரத்தில் உப்புச் சாரல் விழும். அதனால்தான் ஓர் இடத்தின் அடிப்படை அளவை எடுக்க அங்குள்ள செடி, நத்தை ஓடு, எலிப்பல் இவற்றைத் தேடிப் போகிறார்கள். கீழடி, கொந்தகைப் பக்கம் இது பெரிய விஷயம். மதுரை ஆனைமலையும் மேலூர்க் குவாரிகளும் காட்டுகிற கல் வேறு, வருசநாட்டு மலையிலிருந்து வைகை இழுத்துவந்து பரப்பிய வண்டல் வேறு. மக்கள் உழுது தின்றது வண்டலில்.

நம் பக்கத்து விவசாயிகள் வாயில் ‘மண்வாகு’ இருக்கிறதே! மல்லிகை ஏன் இங்கே இப்படி மணக்கிறது என்று கேட்டால் ‘மண்வாகும் தண்ணி வாகும் அப்படி’ என்பார்கள். பாறையும் வண்டலும் நீரும் சேர்ந்து பயிருக்குக் கொடுப்பது எதுவோ, அதுதான் நமக்கு வேண்டிய பொருள். எனவே சிக்னேச்சர் மண்வாகு. அடிப்படை அளவின் எல்லை உள்மண் வரம்பு. இடவாரியாக அளந்து தீட்டும் படம் மண்வாகு வரைபடம்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கடல்நீரின் விகிதம் எங்கும் ஏறக்குறைய 0.7092. கடல்மீனும் கடலுப்பும் நிறையத் தின்றவரின் பல் அந்த எண் பக்கம் சாயும். உள்நாட்டிலேயே வளர்ந்தவர்கூடக் கடலோரத்தார் போலத் தெரியலாம். ‘வெளிமண்’ என்று முத்திரை குத்துமுன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சாய்வுக்கு ‘உப்புச்சாய்வு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கடலோர வழக்கு தெரிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து