புதுப்பிப்பு: லித்தியம் 3.1 என்று வந்ததற்குக் காரணம் ரத்தம் எடுத்த குழாய்

லித்தியம் மாத்திரை (மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மருந்து) சாப்பிடும் அண்ணனுக்கு ரத்தத்தில் லித்தியம் அளவு 3.1 என்று அறிக்கை வந்திருக்கிறது, ஆனால் கை நடுக்கம், வாந்தி, தடுமாற்றம் எதுவுமே இல்லை, இது நச்சேற்றம்தானா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "எந்த மூடிக் குழாயில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்" என்றவரின் யோசனைதான் விடை கொடுத்தது.

அன்றே அவசரப் பிரிவுக்குப் போனோம். மருத்துவர் மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு ஈசிஜி, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை), சோடியம் பார்த்தார், எல்லாம் சரி. குழாயைப் பற்றிச் சொன்னதும் ஆய்வகத்துக்குப் போன் போட்டார். பச்சை மூடிக் குழாய். ரத்தம் உறையாமலிருக்க அதன் உள்ளே பூசியிருப்பது லித்தியம் ஹெப்பாரின். மருந்தின் லித்தியத்தோடு குழாயின் லித்தியமும் சேர்ந்துகொண்டது! அங்கேயே சிவப்பு மூடிக் குழாயில் மறுபடி எடுத்தார்கள்: 0.7. சிகிச்சை வரம்பு பொதுவாக 0.6 முதல் 1.0 வரை (லிட்டருக்கு மில்லிமோல்).

நான் எதிர்பாராதது, முதல் குழாய் பாதிதான் நிரம்பியிருந்ததாம். ரத்தம் குறையக் குறைய இந்தப் பொய் ஏற்றம் கூடும்.

இதே நிலையில் தேடி வருபவர்களுக்கு: அறிகுறி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். லித்தியம் மூளைக்குள் மெதுவாகத்தான் போகும். உண்மையான நச்சேற்றத்திலும் அறிகுறி பிந்தி வரலாம். மறுபரிசோதனை வரட்டும், அப்புறம் நிம்மதியாகலாம்.

அண்ணன் பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்கிறார். வலிக்கு ஐபுபுரூஃபன் மட்டும் வேண்டாம் என்றார் மருத்துவர், அது லித்தியத்தை நிஜமாகவே ஏற்றிவிடுமாம்.