மரப்பு ஊசியில் சேரும் மருந்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஞானப்பல் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். மூன்று வாரமாக ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். கீழ்த்தாடையை மரக்கச் செய்யும் லிக்னோகெய்னோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்து ஊசி போடும் வழக்கம் உண்டு. அளவு பெரும்பாலும் 4 மில்லிகிராம். இப்படிச் சேரும் மருந்தைப் பல் மருத்துவர்களாகிய நாங்கள் அட்ஜுவன்ட் என்கிறோம். அதற்குத் தமிழ் வேண்டும்.

முதல் வரைவில் 'கலப்பு மருந்து' என்று எழுதியிருந்தேன். மேலூர்ப் பக்கமிருந்து மகனை அழைத்து வந்த ஓர் அம்மா, அதைப் படித்துவிட்டு, ஊசி மருந்தில் எதைக் கலக்கிறீர்கள் என்று கேட்டார். பால், எண்ணெய், மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றிலும் கலப்படம் பார்த்தவர் வேறெப்படிக் கேட்பார்? அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

குழுவில் ஒருவர் 'துணையூக்கி' என்றார். தடுப்பூசிக்கு அது பொருந்தும். அங்கே அலுமினிய உப்பு போன்றவை உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகின்றன. இங்கே நடப்பது நேர்மாறானது. எலும்பைச் சீவிப் பல்லை எடுத்தபின் திசு சினந்து வீங்குகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் கன்னம் உருண்டு நிற்கும், வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. டெக்சாமெத்தசோன் அந்த அழற்சியைத் தணிக்கிறது. தணிக்கும் மருந்தை ஊக்கி என்பது பொய். அதோடு, ஸ்டீராய்டு என்றதுமே செய்தித்தாளில் படித்த விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது தசையை வளர்க்கும் வேறு வகை. 'ஊக்கி' என்று நாமே எழுதினால் அந்தக் குழப்பத்துக்கு முத்திரை குத்தியதாகிவிடும்.

'மயக்க ஊசி' என்பதையும் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதை நம்பிக் காலையில் சாப்பிடாமல் வந்து, பசியில் கிறுகிறுத்து நாற்காலியில் சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது நினைவை மயக்குவதில்லை, ஓர் இடத்தை மரக்கச் செய்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 'மரப்பு ஊசி' போதும். சேர்த்து 'மரப்பூசி' என்று எழுத வேண்டாம், அவசரத்தில் மரப்பூச்சி என்று படிக்கிறார்கள்.

என் முன்மொழிவு: துணைமருந்து. சித்த மருத்துவர் ஐயாவின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

*

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

துணைமருந்து எங்கள் வீட்டுச் சொல். அனுபானத்தை, அதாவது மருந்தைக் கலந்து உண்ணக் கொடுக்கும் பொருளை, அப்படித்தான் சொல்லி வருகிறோம். ஒரே பற்பத்தை, அதாவது புடமிட்ட மருந்துப் பொடியை, ஒரு நோய்க்கு நெய்யிலும் இன்னொன்றுக்கு வெண்ணெயிலும் கொடுப்போம். தேன், பால், வெந்நீர் எல்லாம் துணைமருந்தே. உங்கள் படிவத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும் பெரியவர், தேனைப் போல ஏதோ தீங்கற்ற ஒன்று என்று எண்ணிவிடுவார். ஸ்டீராய்டு அப்படிப்பட்டதன்று. சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரையை ஏற்றும் என்று நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். மக்கள் நம்பும் சொல்லை இரவல் வாங்கி அதற்குள் ஒரு வலுவான மருந்தை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வேறு சொல் தேடுங்கள் அம்மா.

*

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு இது தோன்றாமல் போனது பெரிய குறை.

அட்ஜுவன்ட் என்றே விட்டுவிடலாமே என்று நேற்று ஒரு நண்பர் தனியாக எழுதினார். மருந்தின் பெயரை அப்படியே எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அது என்ன வேலைக்காகச் சேர்க்கப்படுகிறது என்பதை நோயாளிக்குப் புரியாத ஒலியாக விட்டுவிட்டு அடியில் கையெழுத்து வாங்குவது ஒப்புதலாகாது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். நம்மால் ஒரு படிவம் முடியாதா?

இப்போது 'உடன்மருந்து' என்று நினைக்கிறேன். மருந்து என்பது வெளிப்படையாக நிற்கிறது. தனியே வரவில்லை, ஒன்றோடு சேர்ந்தே வருகிறது என்பதும் தெரிகிறது. அட்ரினலினுக்கும் இதே சொல் பொருந்துகிறதா என்று பார்த்தேன். அது ரத்தக் குழாயைச் சுருக்கி லிக்னோகெய்னைப் போட்ட இடத்திலேயே நிறுத்துகிறது. 1:80,000 என்ற விகிதத்தில் குப்பியிலேயே சேர்ந்து வருகிறது. அதுவும் உடன்மருந்துதான். பொருந்துகிறது.

*

மேடம், தமிழாசிரியையாக ஓர் ஐயம். 'உடன்' என்றால் உடனே என்றும் பொருள் உண்டு. அவசரத்துக்குக் கொடுக்கும் மருந்து என்று படித்துவிட மாட்டார்களா? பிரித்து எழுதினால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். உடன்பிறப்பு, உடன்பாடு போல ஒரே சொல்லாக எழுதினால் அந்த மயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதன்முறை வரும் இடத்தில் விளக்கமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

*

நன்றி டீச்சர். சேர்த்தே எழுதுகிறேன். படிவத்தின் நான்காம் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"பல் எடுக்கும் இடம் மரத்துப்போக ஊசி போடப்படும். நினைவு தவறாது. வீக்கமும் தாடை இறுக்கமும் குறைவதற்காக அந்த ஊசியிலேயே டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உடன்மருந்தாக, அதாவது முதல் மருந்தோடு சேரும் இன்னொரு மருந்தாக, இருக்கும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். உடன்மருந்து வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அது இல்லாமலும் பல்லை எடுக்க முடியும்."

திங்கட்கிழமை சிம்மக்கல் அச்சகத்தில் கொடுக்கிறேன். மேலூர் அம்மா மகனுக்குத் தையல் பிரிக்க மறுநாள் வருகிறார். முதல் படியை அவரிடம்தான் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.