புஞ்சையில் கன்டெய்னர் வீடு வைக்க அனுமதி வேண்டுமா?

செம்மண்காடு:
வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஊருக்கு வெளியே அப்பா பெயரில் 20 சென்ட் புஞ்சை இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் தங்க அங்கே ஒரு கன்டெய்னர் வீடு வைக்கலாம் என்று யோசிக்கிறோம். 40 அடிக்கு 8 அடி, மொத்தம் 320 சதுர அடி. விற்கிறவர், "இது கட்டடமே இல்லைங்க, கிரேன் வைத்துத் தூக்கிப் போகிற பொருள், அனுமதியெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி அட்வான்ஸ் கேட்கிறார். ஊராட்சிச் செயலரோ, புஞ்சையில் வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கிடைக்காது என்கிறார். யார் சொல்வது சரி?

பொறியாளர்_திருச்சி:
செயலர் சொல்வதுதான் சரி. அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் கட்டடம் என்பதற்குள் வீடு, கொட்டகை, குடிசை எல்லாம் வரும். செங்கல்லோ மண்ணோ மரமோ உலோகமோ, எதில் செய்தாலும் கட்டடம்தான். தூக்கிப் போகலாம் என்பதால் விலக்கு கிடைக்காது.

அதைவிட முக்கியமானது நிலத்தின் வகைப்பாடு. விவசாய நிலத்தில் வீடு என்றால் முதலில் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். அரசு நகர வளர்ச்சிக்கென்று அறிவித்த திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017இல் வந்த விதிகளும் பொருந்தும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு வேண்டும், வேளாண் துறையின் கருத்தும் கேட்பார்கள். 320 சதுர அடிக்கும் இதே வழிதான், 3,000 சதுர அடிக்கும் இதே வழிதான். வயதான பெற்றோருக்காக ஓர் அறை கட்ட நினைப்பவர்களுக்கு இது பெரிய சுமை, எனக்கும் அதில் வருத்தம் உண்டு.

கொங்கு_மேஸ்திரி:
எங்கள் பக்கம் தோட்டத்தில் வீடு போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் சார். வீட்டு வரி ரசீதும் வைத்திருக்கிறார்கள்.

பொறியாளர்_திருச்சி:
வரி ரசீது வேறு, கட்டட அனுமதி வேறு அண்ணே. வரி கட்டியதால் அனுமதி வந்துவிடாது. வங்கிக் கடனுக்குப் போகும்போதும் விற்கும்போதும்தான் இது இடிக்கும்.

அப்புறம், அளவையும் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன்படி, புழங்கும் அறைக்கு உயரம் 2.75 மீட்டர் வேண்டும். ஒரே அறை உள்ள வீடென்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்கும், அகலம் 2.4 மீட்டருக்கும் குறையக் கூடாது. சாதாரண கன்டெய்னரின் உள் உயரம் சுமார் 2.39 மீட்டர், அகலம் சுமார் 2.35 மீட்டர். உயரமான ரகம்கூட 2.7 மீட்டருக்குள்தான். நம்மூர் வெயிலுக்கு உள்ளே தெர்மாகோல், பலகை அடித்தால் இன்னும் குறையும். ஊருக்குள் நத்தம் இடம் ஏதாவது இருக்கிறதா?

செம்மண்காடு:
இருக்கிறது சார். தாத்தாவின் ஓட்டு வீடு இடிந்து விழுந்த இடம், 3 சென்ட். நத்தம் பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு தங்கை.

பொறியாளர்_திருச்சி:
அப்படியென்றால் அங்கேயே கட்டுங்கள். நத்தம் குடியிருப்புக்கான இடம், நிலப் பயன்பாட்டு மாற்றம் என்ற பேச்சே இல்லை. தாத்தாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தை சம்மதித்தால் அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து, பட்டாவை அப்பா பெயருக்கு மாற்றுங்கள். நேரம் பிடிக்கிற வேலை இதுதான், இன்றே தொடங்குங்கள்.

3 சென்ட் என்பது சுமார் 1,307 சதுர அடி. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் (விவரங்கள் சரி என்று நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்குவது) 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டலாம். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடும். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது, பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். ஆனால் தவறான தகவல் கொடுத்தால் அனுமதி ரத்தாகும். சுற்றிலும் விட வேண்டிய இடத்தை வரைபடத்தில் ஒழுங்காகக் காட்டுங்கள்.

கொங்கு_மேஸ்திரி:
வேலை நடக்கும்போது கரண்டுக்குத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும், கட்டணம் கூடுதல். வீடு முடிந்ததும் மறக்காமல் வீட்டு இணைப்பாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

செம்மண்காடு:
ரொம்ப நன்றி சார், அண்ணனுக்கும் நன்றி. கன்டெய்னர் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அத்தையிடம் அப்பா பேசிவிட்டார், அவருக்குச் சம்மதம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கப் போகிறோம்.